மின்வண்டி திரும்பத் திரும்ப மக்கர் செய்தால்: மாற்று வண்டியோ பணமோ வாங்கும் வழி

மின்வண்டி வாங்கிச் சில மாதத்திலேயே நான்கைந்து தடவை சர்வீஸ் சென்டருக்குப் போய்விட்டால், எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "வண்டிய மாத்திக் குடுக்கச் சட்டம் இருக்குதுங்களா?" என்பதுதான். நேரடிப் பதில்: அமெரிக்காவில் இருப்பதுபோல "லெமன் சட்டம்" என்று தனியாக ஒன்று இந்தியாவில் கிடையாது. அங்கே 1982-இல் கனெக்டிகட் மாநிலம் தொடங்கிவைத்து, பிறகு எல்லா மாநிலங்களும் எடுத்துக்கொண்ட சட்டம் அது. ஒரே கோளாறுக்கு மூன்று நான்கு தடவை பார்த்தும் தீரவில்லை, அல்லது வண்டி மொத்தமாக 30 நாள் ஒர்க்ஷாப்பில் கிடந்தது என்றால் கம்பெனி மாற்றிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பணத்தைத் திருப்ப வேண்டும் என்பதுதான் பல மாநிலங்களில் கணக்கு.

நமக்குக் கையில் இருப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன் 39-ஆம் பிரிவின்படி, குறையை நீக்கித் தரவும், அதே மாதிரி புதுப் பொருள் தரவும், விலையை வட்டியோடு திருப்பவும், இழப்பீடு கொடுக்கவும் நுகர்வோர் ஆணையம் உத்தரவிடலாம். அதிகாரம் எல்லாம் இருக்கிறது. இல்லாதது அந்த "நான்கு தடவை, முப்பது நாள்" என்ற எண்ணிக்கை மட்டுமே. அதனால் உற்பத்தியிலேயே குறை இருக்கிறது என்று காட்டும் வேலை வாங்கியவர் தலையில் விழுகிறது.

உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. மாருதி உத்யோக் எதிர் சுசீல் குமார் கப்கோத்ரா வழக்கில் (2006), வாரண்டி பாகத்தை மாற்றித் தரத்தான் கட்டுப்படுத்துகிறது, அதைக் காட்டி முழு வண்டியையும் கேட்க முடியாது என்று சொல்லப்பட்டது. கம்பெனி வக்கீல் முதலில் தூக்கிப் போடுவது இதைத்தான். சி.என். அனந்தராம் எதிர் ஃபியட் இந்தியா வழக்கில் (2010), சுயேச்சையான வல்லுநர் பார்த்து, வண்டியின் பிறப்பிலேயே குறை இருக்கிறது என்று கண்டால் பணம் திரும்ப வேண்டும் என்ற நிலை வந்தது. முதல் தீர்ப்பிலிருந்து இரண்டாவது தீர்ப்புக்கு உங்கள் வழக்கை நகர்த்துவது காகிதம்தான். அந்தக் காகிதம் ஆணையத்தில் உருவாவதில்லை, சர்வீஸ் கவுன்டரில் உருவாகிறது.

ஜாப் கார்டு

வழக்கில் தோற்பவர்களில் பெரும்பாலோர் கையில் இருக்கும் ஜாப் கார்டுகளில், அதாவது வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டர் போடும் பணிச்சீட்டில், "ஜெனரல் செக்கப்" என்றோ "சாஃப்ட்வேர் அப்டேட்" என்றோதான் எழுதியிருக்கும். நடுரோட்டில் வண்டி நின்றது என்று நீங்கள் வாயால் சொல்லியிருப்பீர்கள். கவுன்டரில் இருக்கும் சர்வீஸ் அட்வைசர் "சரிங்க, பாத்துடலாம்" என்று தலையாட்டியிருப்பார். கம்ப்யூட்டரில் ஏறியது வேறு.

எனவே வண்டியை விடும் முன்பே, கோளாறை இரண்டு மூன்று வரியில் நீங்களே எழுதிக் கொண்டு போங்கள். உதாரணமாக: "பேட்டரி 28 சதவீதம் காட்டும்போது, மேட்டில் இருவர் போகையில், வேகம் திடீரென்று குறைந்து வண்டி அணைந்தது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி 24 சதவீதம் காட்டி ஓடியது. தேதி, நேரம், இடம், கிலோமீட்டர் இவை." இந்த வாசகம் "கஸ்டமர் கம்ப்ளெயின்ட்" கட்டத்தில் அப்படியே ஏற வேண்டும். ஏற்ற மறுத்தால் அங்கேயே நின்றபடி அதே வாசகத்தை டீலருக்கும் கம்பெனி கஸ்டமர் கேருக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுச் சாவியைக் கொடுங்கள். வாட்ஸாப்பும் உதவும். ஆனால் தேதியோடு தனியாக எடுத்து வைக்க மின்னஞ்சல்தான் வசதி.

ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டில் பார்க்க வேண்டியவை: வண்டி உள்ளே போன தேதியும் நேரமும், வெளியே வந்த தேதியும் நேரமும், ஓடோமீட்டர் அளவு, மாற்றிய பாகத்தின் பெயரும் எண்ணும். வாரண்டியில் செய்து பில் தொகை பூஜ்ஜியமாக இருந்தாலும் இன்வாய்ஸை வாங்கிவிடுங்கள். "காசே வாங்கலையேங்க, பில் எதுக்கு?" என்பார்கள். அந்தப் பூஜ்ஜிய பில்தான் பாகம் மாற்றப்பட்டதற்குச் சாட்சி. பேட்டரியை மாற்றினால் பழையதன் சீரியல் எண், புதியதன் சீரியல் எண் இரண்டையும் படம் எடுங்கள். பல கம்பெனிகளின் வாரண்டி விதியில், பழுது நீக்கிய பழைய பேட்டரியைத் தரலாம் என்று ஒரு வரி இருக்கும். உங்களுக்கு வந்தது புதியதா, இன்னொருவரிடமிருந்து கழற்றிச் சரிசெய்ததா என்பது அந்த எண்ணை வைத்துத்தான் தெரியும்.

வண்டியைத் திரும்ப எடுக்கும்போது டேப்லெட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். அதில் "பணி திருப்தி" என்று இருக்கும். கோளாறு தீர்ந்ததா என்று அந்த இடத்தில் உங்களுக்கு எப்படித் தெரியும்? "ஓட்டிப் பார்த்த பிறகே சொல்ல முடியும்" என்று கையெழுத்தின் மேலே எழுதுங்கள். எழுத இடமில்லாத திரை என்றால் அன்றே அதே வாசகத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

பேட்டரிக் குறையைக் கண்ணுக்குக் காட்டுவது

பெட்ரோல் வண்டியில் சத்தம் கேட்கும், புகை வரும். மின்வண்டியில் குறை உள்ளே ஒளிந்திருக்கும். அதனால்தான் "எங்க ஸ்டேண்ட்ல நல்லாத்தானுங்க ஓடுது" என்ற பதில் அடிக்கடி வருகிறது. அது பொய்யாகவும் இருக்காது. ஒரு பேட்டரி பேக்கில் பல செல்கள் தொடராக இருக்கின்றன. அதில் ஒன்று பலவீனமாக இருந்தால், சுமை ஏறும்போது அந்த ஒரு செல்லின் வோல்டேஜ் மட்டும் சட்டென்று கீழே விழும். பேட்டரியைக் காக்கும் மின்னணுக் கட்டுப்பாடான பி.எம்.எஸ். உடனே மொத்தப் பேக்கையும் துண்டித்துவிடும். வண்டி நின்று ஓய்வெடுத்ததும் வோல்டேஜ் மேலேறி, ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். ஸ்டேண்டில் சக்கரம் காற்றில் சுற்றும்போது சுமையே இல்லை, அதனால் கோளாறு அங்கே வராது.

ஆகவே நீங்களும் டெக்னீஷியனும் சேர்ந்து போகும் கூட்டு ஓட்டம் கேளுங்கள். பேட்டரியை 30 சதவீதத்துக்குக் கீழே இறக்கி, பின்னால் ஒருவரை உட்காரவைத்து, ஒரு மேட்டில் டெக்னீஷியனே ஓட்டட்டும். கோளாறு வந்ததும் அதை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். கூடவே இரண்டு அறிக்கை கேளுங்கள். ஒன்று, பழுதுக் குறியீடுகளின் பட்டியல். இன்னொன்று, ஒவ்வொரு செல்லின் வோல்டேஜும் பேட்டரி ஆரோக்கிய சதவீதமும் உள்ள அறிக்கை. நல்ல பேக்கில், ஓய்வில் இருக்கும்போது அதிகபட்சச் செல்லுக்கும் குறைந்தபட்சச் செல்லுக்கும் இடையே வித்தியாசம் பொதுவாகச் சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருக்கும். 100 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் சந்தேகப்படலாம். எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகைப் பேட்டரியில் இந்த வித்தியாசம் பாதி சார்ஜ் நிலையில் தெரியாது. முழுக்க சார்ஜ் ஆன நிலையிலும் அடிமட்டத்திலும்தான் தெரியும். எனவே எந்த நிலையில் எடுத்த அளவு என்பதும் அறிக்கையில் இருக்க வேண்டும்.

அறிக்கை தர மறுப்பது வழக்கமான கதை. அப்போது கம்பெனி உதவி இல்லாமலே கொள்ளளவைக் கணக்கிட ஒரு வழி உண்டு. சார்ஜர் பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே செருகும் யூனிட் மீட்டர் ஒன்றை, உங்கள் சார்ஜரின் ஆம்பியரைத் தாங்கக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். வண்டியை 10 சதவீதத்துக்கு இறக்கி, 100 வரை ஒரே மூச்சில் ஏற்றுங்கள். மீட்டரில் காட்டும் யூனிட்டில் ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதம் சார்ஜரிலேயே வெப்பமாகப் போய்விடும், மிச்சம்தான் பேட்டரிக்குள் போனது. பயன்படுத்தக்கூடிய கொள்ளளவு 3 யூனிட் என்று கம்பெனி சொல்லும் பேக்கில், 10-இலிருந்து 100 வரை ஏற 2.7 யூனிட் உள்ளே போக வேண்டும். அதற்குச் சுவரிலிருந்து 3.1 யூனிட் அளவுக்கு இழுத்தாக வேண்டும். 2.1 யூனிட்டிலேயே 100 காட்டிவிட்டது என்றால் உள்ளே போனது 1.8 சொச்சம்தான். பேக்கில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது. பல வாரண்டிகளில் 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் பேட்டரி மாற்றம் என்று எல்லை இருக்கும். இந்தக் கணக்கு அந்த எல்லையின் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று காட்டும். மூன்று தடவை செய்து, ஆரம்ப சதவீதம், முடிவு சதவீதம், மீட்டர் எண் மூன்றும் ஒரே படத்தில் வரும்படி எடுத்து வையுங்கள்.

ரேஞ்ச் குறைகிறது என்பது புகாராக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது சோதனைக்கூடச் சான்று பெற்ற ரேஞ்ச். சாலையில் அது கிடைக்காது என்று கீழே பொடி எழுத்தில் இருக்கும். ஆணையத்தில் வெறும் "148 சொன்னாங்க, 110தான் வருது" என்பது எடுபடாது. "உண்மையான சாலை ரேஞ்ச் இவ்வளவு" என்று கம்பெனியே தனியாகச் சொல்லியிருந்தால் அந்தப் பிரசுரத்தையும், வலைப்பக்கத்தின் படத்தையும் தேதியோடு சேமியுங்கள். அதோடு ஒப்பிடுவதுதான் வலு. சோதனை ஓட்டத்தை திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவிலும் கோத்தகிரி மேட்டிலும் செய்து பயனில்லை. ஏற்றம் பேட்டரியைத் தின்னும், கம்பெனி வக்கீல் சிரிப்பார். அவிநாசி சாலை, ஈரோடு–பெருந்துறை போன்ற சமதளப் பாதையில், ஒரே மோடில், ஸ்டிக்கரில் போட்ட டயர் பிரஷரோடு, போய்வரும் ஓட்டமாகச் செய்யுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது வாளையார்ப் பக்கம் எதிர்காற்றில் போனால் ரேஞ்ச் நன்றாகவே குறையும். ஒரு பக்க ஓட்டத்தை மட்டும் கணக்கெடுத்தால் உங்கள் எண்ணே உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

வாரண்டியை மறுக்கச் சொல்லும் காரணங்கள்

கொங்குப் பக்கம் அடிக்கடி கேட்பது "உங்க வீட்டுக் கரண்ட் சரியில்லீங்க." சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்கூடம் இருக்கிற வீதியிலும், போர் மோட்டார் ஓடும் தோட்டத்து வீட்டிலும் வோல்டேஜ் ஏறி இறங்குவது உண்மைதான். ஆனால் வீட்டு மின்சாரத்தில் ஓடும்படி வடிவமைத்த சார்ஜர் எந்த வோல்டேஜ் எல்லைக்குள் வேலை செய்ய வேண்டும் என்பது அதன் லேபிளிலேயே அச்சாகியிருக்கும். லேபிளைப் படம் எடுங்கள். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து, சார்ஜ் போடும் சாக்கெட்டில் வோல்டேஜ், எர்த் இணைப்பு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே உள்ள வோல்டேஜ் மூன்றையும் அளந்து, கையெழுத்தோடு ஒரு சீட்டு வாங்கி வையுங்கள். இதைக் கோளாறு வந்த பிறகு செய்வதைவிட வண்டி வந்த வாரத்திலேயே செய்துவிட்டால் மதிப்பு அதிகம். எர்த் இல்லாத பழைய வீடு என்றால் வழக்கை மறந்துவிட்டு முதலில் எர்த் போடுங்கள். நிஜமாகவே ஆபத்து அது.

இரண்டாவது, தண்ணீர். வாட்டர் சர்வீஸ் கடையில் பிரஷர் பம்ப்பால் அடித்த வண்டியில் கனெக்டருக்குள் நீர் புகுந்திருந்தால், குறை யாருடையது என்ற வாதம் வளர்ந்துகொண்டே போகும். மூன்றாவது, வெளியில் வயரை வெட்டி மாட்டிய ஹாரன், எல்.இ.டி. விளக்கு, சப்ளையர் தெரியாத சார்ஜர். நான்காவது, தவறவிட்ட பீரியாடிக் சர்வீஸ். கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் சர்வீஸ் விட்டதற்கான பில் இல்லையென்றால் அதையே பிடித்துக்கொள்வார்கள். மறுப்பு எதுவானாலும் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தந்தால் அதை உடைக்கலாம். எழுத மறுத்தால் அந்த மறுப்பையே மின்னஞ்சலில் பதிவு செய்யலாம்.

டீலரிலிருந்து நோட்டீஸ் வரை

டீலரிடம் கோபப்படுவது வீண். அவரால் வண்டியை மாற்ற முடியாது. டீலருக்கும் கம்பெனிக்கும் ஒரே மின்னஞ்சலில் எழுதி, டிக்கெட் எண் வாங்கி, 15 நாள் கெடு கொடுங்கள். அதற்குள் தீரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். இலவசம், தமிழில் பேசலாம். அவர்கள் கம்பெனிக்குப் புகாரைத் தள்ளிப் பதில் வாங்கித் தருவார்கள், தீர்ப்பு சொல்ல மாட்டார்கள். சிலருக்கு இந்தக் கட்டத்திலேயே புது பேட்டரி வந்துவிடுகிறது.

நோட்டீஸ் அனுப்ப வக்கீல் கட்டாயமில்லை, நோட்டீஸே சட்டப்படி கட்டாயமில்லை. ஆனாலும் அனுப்புங்கள். கம்பெனி தன் சர்வரில் வைத்திருக்கும் உங்கள் வண்டியின் ஓட்டத் தரவை அழிக்காமல் வைக்கச் சொல்ல அதுதான் சரியான இடம். வாசகம் இப்படி இருக்கலாம்:

"உங்கள் நிறுவனம் தயாரித்த, சேசிஸ் எண் … கொண்ட வண்டியை … தேதியில் … ரூபாய்க்கு வாங்கினேன். … , … , … தேதிகளில் ஒரே கோளாறுக்காக, அதாவது ஓட்டத்தில் மின்சாரம் துண்டிக்கப்படுவதற்காக, உங்கள் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் வண்டியை ஒப்படைத்தேன். மொத்தம் … நாட்கள் வண்டி அங்கே இருந்தது. ஜாப் கார்டு நகல்கள் இணைப்பில் உள்ளன. கோளாறு தீரவில்லை. இந்த நோட்டீஸ் கிடைத்த 15 நாட்களுக்குள் வண்டிக்குப் பதில் புதிய வண்டி தர வேண்டும், அல்லது முழுத் தொகையையும் வட்டியுடன் திருப்ப வேண்டும். இந்த வண்டியின் பேட்டரி, மோட்டார், பழுதுக் குறியீடு சார்ந்த பதிவுகள் அனைத்தையும் அழிக்காமல் பாதுகாத்து, அதன் நகலை எனக்குத் தர வேண்டும்."

அனுப்ப வேண்டிய பெயரையும் முகவரியையும் ஷோரூம் பலகையிலிருந்து எடுக்க வேண்டாம். பிராண்ட் பெயர் ஒன்று, சட்டப்படியான நிறுவனப் பெயர் வேறாக இருக்கும். வண்டியோடு தரும் படிவம் 22-இலும் இன்வாய்ஸிலும் உற்பத்தியாளர் பெயர் இருக்கும். பதிவு அலுவலக முகவரியை கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் சரிபாருங்கள். ஸ்பீடு போஸ்ட்டில், சேர்ப்புச் சான்றோடு அனுப்பி ரசீதை வையுங்கள். டீலர் கடையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தாலும் உற்பத்தியாளர் பொறுப்பு போகாது.

ஒரு எச்சரிக்கை. கோபத்தில் இ.எம்.ஐ.யை நிறுத்தாதீர்கள். கடன் கொடுத்தவருக்கும் உங்களுக்கும் உள்ள ஒப்பந்தம் தனி. சிபில் கெடும், வண்டியையே தூக்கிப் போய்விடுவார்கள், பிறகு ஆணையத்தில் காட்ட வண்டி இருக்காது. இன்சூரன்ஸையும் விடாதீர்கள்.

ஆணையத்தில் மனு

முதலில் நீங்கள் சட்டப்படி நுகர்வோரா என்று பாருங்கள். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல. தானே ஓட்டிப் பிழைப்பு நடத்த வாங்கிய மின் ஆட்டோக்காரர் நுகர்வோர்தான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி சரக்கு ஏற்றப் பத்து லோடு ஆட்டோ வாங்கினால் அது வணிகம், சிவில் நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். ஆட்டோக்காரர்கள் மனுவில் "சுயதொழில் மூலம் வாழ்வாதாரத்துக்காக வாங்கினேன்" என்று வெளிப்படையாக எழுத வேண்டும். இந்த ஒரு வரி இல்லாமல் தள்ளுபடியாகும் மனுக்கள் உண்டு.

25 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓடும், 250 வாட் மோட்டார் வைத்த, பதிவு தேவையில்லாத சின்ன ஸ்கூட்டர்களுக்கும் இதே உரிமை உண்டு. ஆர்.சி. இல்லாததால் ஜி.எஸ்.டி. பில் ஒன்றுதான் சாட்சி. "பில்லு வேண்டாம்னா ரெண்டாயிரம் கம்மிங்க" என்றால் அந்த ரெண்டாயிரத்தோடு உரிமையும் போகிறது.

எங்கே போடுவது? நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே போடலாம் என்பது 2019 சட்டத்தின் பெரிய வசதி. பெங்களூரில் வாங்கி கோபிசெட்டிபாளையத்தில் இருப்பவர் ஈரோடு மாவட்ட ஆணையத்தில் போடலாம். கோவை, திருப்பூர், சேலம், நாமக்கல், கரூர் எல்லாவற்றிலும் மாவட்ட ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்டத்தில்தான், அதாவது ஏறக்குறைய எல்லா மின்வண்டியும். கட்டணம் 5 லட்சம் வரை கிடையாது, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் மொபைல் எண் கொடுத்துப் பதிந்து, வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். நேரில் தருவதானால் ஆணையத்துக்கு ஒரு செட், எதிர்தரப்பு ஒவ்வொருவருக்கும் ஒரு செட், உங்களுக்கு ஒன்று.

காலக்கெடு இரண்டு ஆண்டு, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து. "பேசிட்டு இருக்கோமுங்க" என்று கம்பெனி இழுத்தடித்தாலும், நீங்கள் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டே இருந்தாலும் அந்தக் கெடு தானாக நீளாது. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஏற்கலாம் என்று பிரிவு 69 சொல்கிறது. அதை நம்பி உட்காருவது சரியல்ல. முதல் கோளாறின் தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள்.

எதிர்தரப்பில் உற்பத்தியாளர் முதலாவது, டீலர் இரண்டாவது. மனுவின் உயிர் தேதிவாரிப் பட்டியல். ஒவ்வொரு ஜாப் கார்டுக்கும் ஒரு வரி: தேதி, கிலோமீட்டர், சொன்ன கோளாறு, செய்த வேலை, வண்டி உள்ளே இருந்த நாட்கள். ஆணைய உறுப்பினர்கள் படிப்பது இந்த ஒரு பக்கத்தைத்தான், மற்ற இருபது பக்கமும் அதற்கு ஆதாரம்.

கோரிக்கையை ஒன்றோடு நிறுத்தாதீர்கள். "புது வண்டி வேண்டும்" என்று மட்டும் கேட்டு, ஆணையம் அவ்வளவு தூரம் போகத் தயங்கினால் வெறும் பழுதுநீக்க உத்தரவோடு திரும்ப வேண்டிவரும். படிப்படியாகக் கேளுங்கள்: அதே மாடல் புது வண்டி. அது முடியாவிட்டால் முழு விலை, இன்சூரன்ஸ், பதிவுச் செலவு, உதிரி உபகரணங்கள், கடன் வட்டி எல்லாம் ஆண்டு வட்டியோடு. அதுவும் முடியாவிட்டால் புத்தம் புதிய பேட்டரியும், மாற்றிய நாளிலிருந்து தொடங்கும் முழு வாரண்டியும். இவற்றோடு வண்டி கிடந்த நாட்களுக்கான பஸ், ஆட்டோ செலவு, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு. ஆணையங்கள் பெரும்பாலும் 6 முதல் 9 சதவீத வட்டி தருகின்றன. வானளாவ இழப்பீடு கேட்பதால் ஒன்றும் கூடுவதில்லை. ஆட்டோக்காரர்கள் வருமான இழப்புக் கேட்டால், முந்தைய மாதங்களின் ஜிபே, வங்கிக் கணக்குப் பக்கங்களை இணைக்க வேண்டும்.

மனு ஏற்கப்பட்டதும் கம்பெனி 30 நாளில் பதில் தர வேண்டும், அதிகமாகப் போனால் இன்னும் 15 நாள். 45 நாளுக்கு மேல் ஆணையம் நீட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020-இல் முடிவாகச் சொல்லிவிட்டது. அந்த நாளை நாட்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள். தாண்டினால் பதிலை ஏற்கக் கூடாது என்று எழுத்தில் ஆட்சேபியுங்கள். சோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதற்கு மேல் ஆகும் என்று மனத்தைத் தேற்றிக்கொள்வது நல்லது. சமரசத்துக்கு அனுப்பினால் போங்கள். ஆனால் "முழுத் தீர்வாக ஏற்கிறேன்" என்ற தாளில் புது பேட்டரி வண்டியில் ஏறி, சீரியல் எண்ணைச் சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

வல்லுநர் அறிக்கை

வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் இங்கேதான். பிரிவு 38-இன் கீழ், வண்டியைச் சோதனைக்கு அனுப்பக் கோரி நீங்களே தனி மனு போட வேண்டும். ஆணையம் தானாகச் செய்யும் என்று காத்திருக்காதீர்கள். கட்டணத்தை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டிவரும், ஜெயித்தால் செலவாகக் கேட்டுப் பெறலாம். கோவையில் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, அரசு தொழில்நுட்பக் கல்லூரி, பெருந்துறையில் கொங்கு பொறியியல் கல்லூரி போன்றவற்றில் ஆட்டோமொபைல் அல்லது மின்னியல் துறைப் பேராசிரியரை நியமிக்கக் கோரலாம். பெரிய தொகை என்றால் சென்னை ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. வாகனச் சோதனை மையத்தின் பெயரையும் சொல்லலாம். மோட்டார் வாகன ஆய்வாளரை மட்டும் போடச் சொல்லாதீர்கள். பிரேக்கையும் டயரையும் அவர் நன்றாகப் பார்ப்பார். செல் வோல்டேஜைப் பிரித்துப் பார்க்க அவரிடம் கருவி இருக்காது.

வல்லுநரிடம் என்ன கேட்பது என்பதையும் மனுவிலேயே எழுதுங்கள். "வண்டியில் குறை உள்ளதா" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் "தற்போது இயங்குகிறது" என்று ஒரு வரியில் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: 30 சதவீதத்துக்குக் கீழ் இருவர் சுமையில் மின்சாரம் துண்டிக்கப்படுகிறதா? செல்களுக்கு இடையே வோல்டேஜ் வித்தியாசம் எவ்வளவு? அளந்த கொள்ளளவு எவ்வளவு, கம்பெனி அறிவித்தது எவ்வளவு? கனெக்டர்களில் நீர், வெட்டு, வெளி வயரிங் உண்டா? குறைக்குக் காரணம் பயன்பாடா, உற்பத்தியா? கடைசிக்கு முந்தைய கேள்வி உங்களுக்கு எதிரானதுபோலத் தெரியும். ஆனால் "இல்லை" என்று பதில் வந்தால் கம்பெனியின் பாதி வாதம் அத்தோடு விழுந்துவிடும். சோதனை நாளில் நீங்களும் நேரில் இருக்க வேண்டும். கம்பெனி ஆள் லேப்டாப்பை மாட்டி ஏதாவது அப்டேட் போட முயன்றால், சோதனை முடியும்வரை கூடாது என்று வல்லுநரிடம் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

தீப்பிடித்தால்

இது வேறு வகை. முதலில் 101 அல்லது 112. அணைந்துவிட்டதுபோலத் தெரியும் லித்தியம் பேட்டரி மணிக்கணக்கில் கழித்து மறுபடி பற்றும், எனவே வண்டியை வீட்டுக்குள் தள்ளாதீர்கள். தீயணைப்புத் துறை அறிக்கையும் காவல் நிலையத்தில் புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதும் வாங்குங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உடனே தெரிவியுங்கள். மறுநாளே உற்பத்தியாளரிடமிருந்து ஆள் வந்து, "ஆராய்ச்சிக்கு எடுத்துட்டுப் போறோமுங்க" என்பார்கள். இன்சூரன்ஸ் சர்வேயர் பார்க்கும் முன்பு, பாகங்களின் பட்டியலில் கையெழுத்து வாங்காமல் ஒரு போல்ட்டைக்கூடக் கொடுக்காதீர்கள். வண்டிதான் சான்று. உடல் காயம், வீட்டுச் சேதம் இருந்தால் சட்டத்தின் 82 முதல் 87 வரையிலான பொருள் பொறுப்புப் பிரிவுகளின் கீழ் உற்பத்தியாளரிடம் தனியாக இழப்பீடு கேட்கலாம்.

பலருக்கும் அதே கோளாறு இருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவின்படி மத்திய அரசு அந்த மாடலைத் திரும்பப் பெற உத்தரவிடலாம். மத்திய அரசின் வாகனப் பதிவு இணையதளமான வாகன் தளத்தில் இதற்கான புகார்ப் பகுதி உள்ளது. உங்கள் வழக்கை இது நிறுத்தாது, இரண்டையும் சேர்த்தே செய்யலாம்.

உத்தரவு வந்த பிறகு

எதிர்தரப்பு 45 நாளுக்குள் சென்னை மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். செய்தால் உத்தரவுத் தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும், அதனால் சின்னத் தொகைக்குப் பலர் மேலே போவதில்லை. கட்டவும் இல்லை, மேல்முறையீடும் இல்லை என்றால் நிறைவேற்று மனு போடுங்கள். பிரிவு 72-இன்படி உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சம்மன் போனதும் காசோலை வந்துவிடுவது உண்டு.

பணம் கைக்கு வந்த நாளில் வண்டியை அப்படியே தள்ளிவிட்டு வந்துவிடாதீர்கள். பெயர் மாற்றப் படிவங்கள் 29, 30 இரண்டிலும் கம்பெனி அல்லது டீலர் பெயரைப் பூர்த்தி செய்து கையெழுத்து வாங்குங்கள். கடன் இருந்தால் படிவம் 35-இல் அடமானம் நீங்க வேண்டும். வண்டி, சார்ஜர், இரண்டு சாவி ஒப்படைத்ததற்கு ஓடோமீட்டர் எண்ணோடு ஒரு ரசீது வேண்டும். ஆர்.சி. உங்கள் பெயரிலேயே இருக்க, அந்த வண்டியை அவர்கள் வேறு யாருக்காவது விற்று அது எங்கேயாவது இடித்தால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். வாகன் தளத்தில் பெயர் மாறிவிட்டதா என்று பார்த்த பிறகே இன்சூரன்ஸை ரத்து செய்து மீதிப் பிரீமியத்தைக் கேளுங்கள்.